மூடிக்குத் தனிப் பெட்டி

என் மனைவி ஜெயசெல்வி தையல்கடை வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் அந்தப் பார்சலை இரண்டு கைகளாலும் அணைத்திருந்தாள். கரமனை ஸ்டாப்பில் நான் அதற்காகத்தான் காத்து நின்றேன். அவளுக்காக நான் அப்படி ஒருநாளும் நின்றதில்லை என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

“இந்தாங்க, உங்க கூட்டுக்காரனுக்க பரணி. தையக்கடையில எல்லாரும் கேக்குதாவ, என்னக்கா வாங்கினீங்கன்னு. என்ன சொல்ல? நாங்களே பரணி விக்குதோம், நாங்களே வேற ஆள்ட்ட பரணி வாங்குதோம்னு சொல்லவா?”

“மெதுவாப் பேசு.”

“மெதுவாப் பேசிப் பேசித்தான் இந்தக் கோலத்துல இருக்கோம்.”

பரணி என்றால் ஊறுகாய் ஜாடி. மேலே பழுப்பு, கீழே வெள்ளை, பீங்கான். திருவனந்தபுரத்தில் தமிழ் பேசும் நாங்களும் பரணி என்றே சொல்வோம்.

வீட்டுக்கு வந்து பார்சலை அடுக்களைத் தரையில் வைத்தேன். கத்தியை எடுத்தேன். ஒட்டியிருந்த சீட்டில் ‘சுரேந்திரன் பரணிக்கடை’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. சுரேந்திரனுக்குக் கடை கிடையாது. எனக்கும் கிடையாது. எனக்குக் கடை இல்லை என்பது ஊருக்கே தெரியும். அவனுக்குக் கடை இருக்கிறது என்று ஊரே நம்பியது.

கத்தியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பரணி உடைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். காசு கொடுத்து வாங்கிய பொருள் உடைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சிவப்புப் பென்சில்

சுரேந்திரனும் நானும் சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் ஒரே பாத்திரக்கடையில் வேலை பார்த்தவர்கள். நான் மூத்தவன், அவன் எனக்குப் பின்னால் வந்தவன். முதலாளி எங்கள் இருவரையும் கடைவாசலில் நிறுத்தி, போகிறவர்களைக் கூப்பிடச் சொல்வார். எனக்குக் குரல் தொண்டைக்கு மேலே வராது. பெண்கள் நிமிர்ந்து பார்த்தால் நான் பாத்திரத்தைப் பார்ப்பேன்.

அவனோ, “சேச்சி, ஒண்ணு கண்டிட்டுப் போ! வாங்கண்டாம், கண்டா மதி!” என்று, வாங்காவிட்டாலும் பார்த்தால் போதுமென மலையாளத்தில் ஆரம்பித்து, அவர்கள் தமிழர்கள் என்று தெரிந்ததும், “யம்மா, இங்கின வாருங்க, நம்ம கடையாக்கும்” என்று மாறிவிடுவான். கூப்பிட்டுவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பான். வெண்கல உருளியைத் தட்டியதுபோல் கணீரென்று தெருவின் அந்தக் கோடிவரை கேட்கும். போகிறவர்கள் அந்தச் சிரிப்புக்கே திரும்புவார்கள்.

கொஞ்ச நாளில் முதலாளி என்னைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார். அங்கே பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்பேன்.

இந்த எரிச்சல் எனக்குப் புதிதல்ல. நான் படித்தது ஐந்தாம் வகுப்புவரை. ஒருநாள் பள்ளிக்கு அதிகாரி ஒருவர் வந்து ஏதோ கேள்வி கேட்டார். எனக்கு விடை தெரியும். எழுந்து நிற்கக் கூச்சப்பட்டுப் பக்கத்துப் பையனின் காதில் சொன்னேன். அவன் எழுந்து சத்தமாகச் சொன்னான். அதிகாரி அவனுக்கு ஒரு பென்சில் கொடுத்தார். சிவப்பு நிறம், ஒரு முனையில் ரப்பர் வைத்தது. அந்த ரப்பரின் வாசனைகூட எனக்குத் தெரியும். அவன் மோந்து பார்க்கக் கொடுத்தான்.

முகம் காட்டாத வியாபாரம்

பாத்திரக்கடை மூடிய பிறகு என்ன செய்வது என்று திகைத்து நின்றபோது, என் மனைவியின் அக்காள் மகன் போனில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தான். அதில் பொருளின் படத்தைப் போட வேண்டும். ஆர்டர் வந்தால், சரக்கு வைத்திருக்கிற வியாபாரிக்கு நான் சொல்ல வேண்டும். அவர் கட்டி, என் பெயர்ச் சீட்டை ஒட்டி, நேராக வாங்குகிறவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சரக்கை நான் தொடவே வேண்டாம். டிராப்ஷிப்பிங் என்று அதற்குப் பெயராம்.

“சித்தப்பா, இதுல ஆருக்க முகத்தையும் பாக்கண்டாம்” என்றான் அவன். அந்த ஒரு வார்த்தைக்காகவே சரி என்றேன்.

முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் கட்டி அனுப்புகிறவரின் கையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முதலில் அகப்பட்டவர் வெளியூர்க்காரர். போனில் தேன் ஒழுகப் பேசுவார். “அண்ணாச்சி, நீங்க கவலையே படாதீங்க, உங்க பேரு என் பேரு மாதிரி” என்பார். அவர் அனுப்பிய படங்களில் பரணிகள் கண்ணாடிபோல மின்னின. வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததோ சோகை பிடித்த வெளுப்பு. ஒன்றில் மயிரிழைக் கீறல். ஊற்றிய உப்புநீர் விடிவதற்குள் அலமாரியில் இறங்கிவிட்டது. ஏச்சு எனக்கு. ஏனென்றால் சீட்டில் இருப்பது என் பெயர். தேன்குரல்காரரின் போன் அதன்பிறகு அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை.

அடுத்தவர், ஆர்டர் எடுத்த பிறகுதான் “சரக்கு தீர்ந்துபோச்சு” என்பார். இருக்கிறதா என்று முன்னால் கேட்டால் பதில் வராது.

அடிபட்டுத்தான் சில வழக்கங்கள் எனக்கு வந்தன. பொருளின் முகப்பை மட்டும் காட்டுகிறவரிடம் அடிப்பாகத்தின் படத்தைக் கேட்பேன். பரபரப்பான பகல் வேளையில் ஒரு சின்னச் சந்தேகம் கேட்டு, எப்போது பதில் வருகிறது என்று பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் மேலாக, வேறு பெயரில் ஒன்றை நானே வாங்கிப் பிரித்துப் பார்ப்பேன். நம் பெயரில் வாங்கினால் மாப்பிள்ளைக்குக் கட்டுவதுபோல் கட்டி அனுப்புவார்கள். பிறத்தியாருக்கு எப்படிக் கட்டுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

வேண்டாம் என்று சொன்ன கடை

பாக்கியம் அக்காவை நான் போனில் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. வீட்டுக்கு உப்பு போட்டுவைக்க ஒரு பரணி வாங்கத்தான் சாலைக் கம்போளத்தில் ஒரு சந்துக்குள் நுழைந்தேன். அக்கா நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து, கணவர் போன பிறகும் கடையை நடத்துகிறவர். நான் எடுத்த பரணியை வாங்கி, விரல்முட்டியால் தட்டிவிட்டு, “இது வேண்டாம்டே, அடியில கசியும். வேற எடு” என்றார்.

வந்த வாடிக்கையை வேண்டாம் என்று திருப்புகிற வியாபாரியை அன்றுதான் பார்த்தேன்.

அப்போது ஒரு பெண் தம்பானூரில் ரயிலேற நேரமாகிறது என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள். அக்கா அசையவில்லை. பரணியின் வயிற்றுக்குள் வைக்கோல் திணித்து, வெளியே வைக்கோல் பிரி சுற்றி, பெட்டியில் இறக்கி, கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டு, முடிச்சின் வாலை உள்ளே செருகினார். பிறகு பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டார். அந்தப் பெண் “அய்யோ” என்றாள்.

“இனி தைரியமா கொண்டு போ, மோளே.”

இனி இவரிடம்தான் சரக்கு என்று அந்தச் சத்தத்திலேயே நான் முடிவு செய்துவிட்டேன். கேட்பதற்குத்தான் மூன்று முறை போக வேண்டியிருந்தது. மூன்றாம் முறை ஒருவழியாகச் சொல்லி முடித்ததும் அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

“அப்போ சரக்கு எனக்க, கெட்டுறது நானு, பேரு மட்டும் ஒனக்க. கொள்ளாமே! பின்ன ஒனக்கு என்னடே ஜோலி?”

“ஆள் பிடிக்கணும் அக்கா.”

“யாரு, நீயா? எனக்க மொகத்தப் பாத்துப் பேச மூணு நடை வந்தவன்!”

கடையில் பரணி கட்டுகிற இரண்டு பெண்களும் வைக்கோலில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனாலும் அக்கா சம்மதித்தார். பார்சலுக்குள் தன் கடைச் சீட்டை வைக்க மாட்டார். தன்னிடம் சரக்கெடுக்கிற ஒருவரின் பெயரை இன்னொருவரிடம் சொல்ல மாட்டார். அது அவருடைய கடை வழக்கம். என் பெயரில் போன பார்சலைப் பிரித்தவர்கள், “வைக்கோல் வாசனை வீடெல்லாம் மணக்குது” என்று குரல்செய்தி அனுப்பினார்கள். அந்தக் கட்டு என் கட்டு என்று நினைக்க ஆரம்பித்தேன்.

சுரேந்திரனின் விரல்முட்டி

ஒருநாள் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே டீ குடிக்கும்போது சுரேந்திரன் வந்து தோளில் கைபோட்டான்.

“அண்ணே, பரணி விக்குதியளாமே! சரக்கு எங்கின இருந்து?”

“வெளியூரு.”

“எந்த ஊரு?”

“கொஞ்சம் தூரம்.”

சிரித்தான். அந்தச் சிரிப்பு. கொஞ்ச மாதத்தில் அவனும் பரணி விற்க வந்துவிட்டான். என் பக்கத்தில் பரணிகளின் படங்கள் மட்டும்தான் இருக்கும், என் கைகூட இருக்காது. அவன் தானே வீடியோவில் வந்து நின்றான். பரணியைத் தூக்கி விரல்முட்டியால் தட்டி, “கேட்டியளா சத்தம்? இதாக்கும் பரணி!” என்றான். ஆளாளுக்கு இதயம் போட்டார்கள். எனக்கு ஆர்டர் போட்ட ஒரு டீச்சரம்மாவும் போட்டிருந்தார். அவரை மன்னிக்க எனக்குச் சில நாட்கள் பிடித்தன.

அக்காவின் அந்தத் தட்டலை எங்கே கற்றான் என்று தெரிந்துகொள்ளத்தான் மனைவி பெயரில், அவள் வேலை பார்க்கும் தம்பானூர்த் தையல்கடை விலாசத்துக்கு ஒரு பரணி வாங்கினேன்.

வைக்கோல் வாசனை

இப்போது அடுக்களைத் தரைக்குத் திரும்புகிறேன்.

கயிற்றில் கத்தியை வைத்தபோதே தெரிந்துவிட்டது. இரட்டை முடிச்சு, வால் உள்ளே செருகியிருந்தது. பெட்டியைத் திறந்ததும் வைக்கோல் வாசனை குப்பென்று வந்தது. ஜெயசெல்வி, “அய்ய, இது நம்ம அக்கா கெட்டுல்லா!” என்றாள். சாலைக் கம்போளத்திலிருந்து தம்பானூருக்கு நடந்தே போய்விடலாம். கூரியர்காரன் அதை ஊருக்கு வெளியே கிடங்குக்குக் கொண்டுபோய், இரண்டு நாள் வைத்திருந்து திரும்பக் கொண்டுவந்திருக்கிறான்.

கடை என்றால் எல்லோருக்கும் பொது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பொறுக்கவில்லை.

பரணியைத் தூக்கினேன். உடையவில்லை. ஆனால் மூடியைக் காணோம். மூடிதான் இல்லையே என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். ஜெயசெல்வி வைக்கோலுக்குள் கையைவிட்டு ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்தாள். அதற்குள், தனி வைக்கோலில், மூடி.

என் பார்சல்களில் மூடியைப் பரணியின் வாயிலேயே வைத்துத் துணியால் கட்டித்தான் அனுப்புவார்கள். அதனால் சில மூடிகள் விளிம்பு உடைந்து போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு முறையும் நானே வேறு பரணி வாங்கி அனுப்பினேன். அக்காவிடம் சொன்னதில்லை. சொன்னால் முகம் சுளிப்பார், என்னை விட்டுவிடுவார் என்று பயம்.

“இவனுக்கு மட்டும் மூடிக்குத் தனிப் பொட்டி” என்றேன்.

“போய்க் கேளுங்க.”

“என்னன்னு கேட்க?”

“வாயால கேளுங்க.”

கேட்டே ஆகவேண்டிய காரணம் ஒன்றும் இருந்தது. கோயம்புத்தூர் அம்மா ஒருவர் மகள் கல்யாணத்துக்கு, வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சின்னப் பரணிகளாக நிறையக் கேட்டிருந்தார். அவ்வளவு பெரிய ஆர்டர் எனக்கு அதுவரை வந்ததில்லை. அவருடைய குரல்செய்தியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். “அண்ணா, ஒண்ணுகூட உடையக் கூடாதுங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி நான் தலைகுனியற மாதிரி ஆயிடக் கூடாதுங்க.” உடைந்தால் நான் கைக்காசு போட்டு மாற்றி அனுப்பலாம். அதற்குள் கல்யாணம் முடிந்துவிடும்.

இன்னொருத்தன்

சந்தின் முனையில் இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மூன்றாம் தடவை அக்காவே பார்த்துவிட்டார்.

“வாடே, வா. பரணி ஒடையாம வந்து சேந்துதா?”

“எந்தப் பரணி?”

“தம்பானூர் தையக்கடைக்குப் போனது. ஒனக்க பொண்டாட்டி ஜோலி செய்யுத எடம்லா அது? விலாசம் எழுதினதே நான்தானே. எனக்க கடைப் பரணிய எனக்க கடைக்காரனே இன்னொருத்தன்ட்ட வாங்குதான். சிரிச்சுச் சிரிச்சு இவளுவளுக்கு வயிறு நொந்துபோச்சு.”

பெண்கள் இருவரும் மறுபடி வைக்கோலுக்குள் போனார்கள். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் எரிச்சல் கூச்சத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக இருந்தது.

“அவனுக்கு மூடிக்குத் தனிப் பொட்டி வச்சிருக்கு” என்றேன்.

“ஆமா. அவன் வாயி சும்மா இருக்குமா? ஒவ்வொரு மூடி ஒடையும்போதும் படம் எடுத்துக்கிட்டு இங்க வந்து நிப்பான். பொய் சொல்லுதான்னுதான் நெனச்சேன். ‘இதே கெட்டுல இன்னொருத்தனும் அனுப்புதான்டே. இன்னைக்கு வரைக்கும் ஒரு மூடி ஒடஞ்சுன்னு சொன்னதில்ல. ஒனக்கு மட்டும் எப்படி ஒடையும்?’னு கேட்டேன். அவன் மொகம் கறுத்துப் போச்சு. அந்த இன்னொருத்தன் யாருக்கா, யாருக்கான்னு வரும்போதெல்லாம் கேப்பான். சொல்லுவனா நானு? தொல்லை தாங்காமத்தான் தனிப் பொட்டி.”

“யாருன்னு கேட்டானா?”

“நித்தமும்.”

எனக்கும் மூடி உடைந்ததை அக்காவிடம் சொல்லாமலே வெளியே வந்துவிட்டேன். கால் தரையில் பாவவில்லை. சுரேந்திரன் ஒரு ஆளை நினைத்து வெந்துகொண்டிருக்கிறான், அந்த ஆள் நான். அவனுடைய வாய்க்குக் கிடைக்காத பெயர், என்னுடைய வாய்மூடலுக்குக் கிடைத்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு குளிர்ச்சி என் நெஞ்சில் இறங்கியதே இல்லை. அந்தக் குளிர்ச்சியோடு பழவங்காடிவரை நடந்து, டீ வாங்கி, சர்க்கரை கூடுதலாகப் போடச் சொன்னேன்.

கோயிலில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே எந்நேரமும் உடைப்பார்கள், எனக்குக் காதில் விழுந்ததே கிடையாது. அன்று ஒவ்வொரு உடைப்பும் விழுந்தது. பட், பட் என்று. ஒவ்வொன்றும் கோயம்புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் உடைகிற மூடியாகக் கேட்டது.

கல்யாணம் என்று காரணம் சொல்லித் தனிப் பெட்டி கேட்டுவிடலாம். மூடி உடைந்த கதையைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். சந்துக்குத் திரும்பிப் போய் அப்படியே சொல்லியும் பார்த்தேன்.

“ஒனக்கு எதுக்குடே?” என்றார் அக்கா. “ஒனக்குத்தான் ஒடையுததே இல்லியே. அட்டப்பொட்டி அவ்வளவு கெடைக்க நாளாகும். சும்மா கெடந்த கெட்டை எதுக்கு மாத்தணும்?”

வைக்கோல் பிரியின் நுனி ஒன்று என் செருப்பருகே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“எனக்கும் ஒடஞ்சுது அக்கா.”

“எது?”

“மூடி. கொஞ்சம் உண்டு.”

“எத்தன?”

“எண்ணல. நானே வேற வாங்கி அனுப்பிட்டேன்.”

அக்கா கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். அவர் கோபப்பட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“எனக்க கெட்டுல ஒடஞ்சதுக்கு நீ கைத்துட்டப் போட்டியா? அப்போ நான் யாருடே, வழியில போறவளா? நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா முன்னமே கெட்ட மாத்தியிருப்பேன். அந்தப் பயல நான் பொய்யன்னு ஏசியிருக்க மாட்டேன். ஒடஞ்சா ஒடஞ்சுன்னு சொல்லாதவன வச்சு நான் எப்பிடிடே கச்சவடம் பண்ண?”

என்னோடு வியாபாரத்தை விட்டுவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போனை எடுத்தார்.

“அக்கா, எனக்க பேரு…”

“பேரு சொல்ல மாட்டேன். ஆனா அவன்ட்ட சொல்லணும்லா?”

சந்துக்குள் சத்தம் எதிரொலிக்கும். நான் நகர முடியாமல் நின்றேன்.

“லேய், சுரேந்திரா, அந்த இன்னொருத்தன் உண்டுல்லா? அவனுக்கும் ஒடஞ்சிருக்குடே. நீ சொன்னது நேராக்கும். இனி எல்லாருக்கும் தனிப் பொட்டிதான்.”

பிறகு போனிலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. அக்கா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. கிடங்கில் பாத்திரம் துடைத்த நாட்களில் கேட்டேனே, அதே வெண்கலம். வேலை செய்த பெண்கள்கூடத் தங்களையறியாமல் சிரித்தார்கள். நான் ஒருவன்தான் சிரிக்கவில்லை.

ஒட்டு

கல்யாணப் பரணிகள் எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. “ஒண்ணுகூட உடையலீங்ணா” என்ற குரல்செய்தியை அழிக்காமல் வைத்திருக்கிறேன். இப்போது உடைந்தால் சொல்லிவிடுகிறேன். அக்கா முகம் சுளிக்கத்தான் செய்கிறார். சுளித்துவிட்டு மாற்றிக் கொடுக்கிறார்.

சில நாள் கழித்து சுரேந்திரன் வீடியோவில் வந்து, அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டி, “மூடிக்குத் தனிப் பொட்டி, நம்ம ஐடியாவாக்கும்!” என்றான். அது பொய்யாக இருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அவனிடம் வாங்கிய பரணியில்தான் ஜெயசெல்வி உப்பு போட்டு வைத்திருக்கிறாள்.

“கொள்ளாம், நல்ல பரணி. ஒரு சொட்டுக் கசியல்ல” என்பாள்.

“நாம விக்குததும் இதே பரணிதான்.”

“அதுக்கு நான் என்ன சொன்னேன்?”

வீட்டுக்கு வந்த அன்றே அவன் பெயர்ச் சீட்டுக் கயிற்றோடு போயிருக்கும் என்று நினைத்தேன். பரணியின் வயிற்றிலும் ஒன்று ஒட்டச் சொல்லியிருக்கிறான். நனைத்துச் சுரண்டினேன், வெந்நீர் ஊற்றினேன், தேங்காயெண்ணெய் தேய்த்தேன். எழுத்து போய்விட்டது. பசை போகவில்லை. உப்பு எடுக்கப் போகும்போதெல்லாம் விரலில் ஒட்டுகிறது.